அந்த ஆளின் சட்டை அளவு

அகில உலக நடைபாதை வியாபாரிகளின் மேலான கவனத்துக்கு ஓர் அவசர அறிவிப்பு. பேரம் பேசுவதில் தம்மை வெல்ல ஈரேழு உலகத்திலும் ஆள் இல்லை என்று தாமே கண்டறிந்து, தாமே அறிவித்து, தாமே கைதட்டிக்கொண்டவரும், ஊரின் மிகப் பெரிய ஆயத்த ஆடைக் கடையில் சட்டைப் பிரிவின் தலைவரும், ஓய்வு பெறும் வயதை நெருங்கியும் நாற்பது சைஸைத் தாண்டாதவர் என்று பெயர் வாங்கியவருமான மேனேஜர் அவர்கள், வாழ்நாளில் முதன்முறையாக அயல்நாட்டுச் சந்தை ஒன்றில் இன்று காலை திருப்பாதம் பதித்துவிட்டார். அவரவர் சரக்கை அவரவர் பத்திரப்படுத்திக்கொள்வது நல்லது.

சந்தை இதைக் கண்டுகொள்ளவில்லை.

கண்டுகொள்ளாததுதான் முதல் கோளாறு. இரவு பெய்த மழையில் நனைந்த கித்தான் கூரைகள் தெருவின் இரண்டு பக்கமும் தொப்பை தள்ளித் தொங்க, அவற்றின் விளிம்பிலிருந்து சொட்டிய தண்ணீர் ஆரஞ்சுக் குவியல்மீதும் பழைய கடிகாரங்கள்மீதும் பீங்கான் தட்டுகள்மீதும் வெவ்வேறு சுரத்தில் விழ, ஈரச் சாக்கும் பழத்தோலும் அந்துருண்டையும் கலந்த ஒரு வாசனை முழங்கால் உயரத்தில் மிதந்துகொண்டிருந்த அந்த நீளத் தெருவில், வியாபாரிகள் தொண்டை கிழியக் கூவிக்கொண்டுதான் இருந்தார்கள். முன்னால் போன குண்டு அம்மாளைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிட்டார்கள். பின்னால் வந்த இளவட்டங்களைக் கூப்பிட்டார்கள். மேனேஜர் வந்தபோது மட்டும் வாய்கள் மூடிக்கொண்டன. அவர் தாண்டியதும் திறந்துகொண்டன. தெரு முழுக்க இரைச்சல். அவர் நடந்த இடத்தில் மட்டும் ஓர் ஆள் அகலத்துக்கு மௌனம்.

"பயப்படுறானுங்க," என்றார் மனைவியிடம். "பாத்ததுமே தெரிஞ்சிருக்கும், விவரமான ஆளுன்னு."

"ஆமா, முகத்துலயே எழுதி ஒட்டியிருக்கு," என்றாள் மனைவி.

அவள் பூகோள டீச்சர். ஊரை விட்டு நகராமலே உலகத்தைக் கரும்பலகையில் வரைந்து, நதிகளை நீலச் சாக்பீஸால் ஓடவிட்டவள். கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆனதற்கு மகளும் மருமகனும் வாங்கிக் கொடுத்த பயணம் இது. மொழி தெரியாத ஊரில் தவிக்கக் கூடாதென்று, அடுத்தவர் பேசுவதைக் கேட்டுத் தமிழில் சொல்லும் ஏதோ ஒன்றை மகள் அவளுடைய போனில் போட்டுக் கொடுத்திருந்தாள். பேரத்துக்கு மொழி எதற்கு என்று மேனேஜர் தம் போனை ஹோட்டல் அறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

ஒரு பெல்ட்டை எடுத்தார். புருவத்தை உயர்த்தினார், உதட்டைப் பிதுக்கினார், பாதி விலைதான் என்பதற்கு உலகப் பொதுச் சைகை என்று தாம் நம்பிய ஒன்றைச் செய்தார். கடைக்காரர் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. பெல்ட்டை அவர் விரல்களிலிருந்து மெதுவாக, தூங்குகிற குழந்தையின் கையிலிருந்து பொம்மையை எடுப்பதுபோல, விடுவித்தார். ஒரு துணியால் துடைத்தார். அவர் பிடித்திருந்த இடத்தை மட்டும். பிறகு ஆணியில் மாட்டிவிட்டு, மேனேஜரின் தோளுக்கு மேலாக மனைவியைப் பார்த்துத் தலை தாழ்த்தினார்.

மேனேஜர் திரும்பி மனைவியைப் பார்த்தார். அங்கே இரண்டாவது கோளாறு நடந்துகொண்டிருந்தது.

பழக்காரி கடையை விட்டு இறங்கி வந்து, ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, மனைவியின் இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் பொத்திவைத்துக்கொண்டிருந்தாள். தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். செய்தி வாசிப்பவர் குரலில் போன் தமிழாக்கியது: "ஏதாவது சாப்பிடுங்கள். ஒரு வாயாவது சாப்பிட வேண்டும்."

"என்னங்க இது," என்றாள் மனைவி. "காலைல நான் சாப்பிடலைன்னு இவங்களுக்கு யார் சொன்னது?"

பழக்காரி பை நிறையப் பழம் போட்டாள். காசை நீட்டியபோது, நெருப்பைத் தொட்டவள்போலக் கையை இழுத்துக்கொண்டாள்.

இந்த இடத்தில் மேனேஜரின் உடல்நிலை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பொறாமை அவருக்குச் சர்க்கரை வியாதி மாதிரி. நெடுநாளாக இருக்கிறது, கட்டுக்குள் இருக்கிறது என்று அவரே சொல்லிக்கொள்வார், விசேஷ நாட்களில் ஏறிவிடும். மனைவி பால்காரரிடம் சிரித்தால் ஏறும். பல் டாக்டரிடம் வாயைத் திறந்தால் ஏறும். நிரந்தரக் குற்றவாளி ஒருவர் உண்டு: அவள் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர். நூல் மாதிரி உடம்பு, நீளமான விரல்கள். அவளுக்காக உலகப் படத்தைப் பெரிய துணியில் வரைந்து, கண்டங்களுக்கு வண்ணம் தீட்டிக் கொடுத்தவர். வரைந்தது சரி, எதற்கு வண்ணம் தீட்ட வேண்டும் என்ற கேள்விக்கு இன்றுவரை மேனேஜருக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

பீங்கான் கடையில் ஒரு கிழவி மனைவியின் கன்னத்தைத் தொட்டாள். உள்ளேயிருந்து ஒரு நாற்காலி வந்தது. ஒன்றே ஒன்று. ஒரு கோப்பையில் தண்ணீர் வந்தது. அதுவும் ஒன்றுதான். "உட்காருங்கள்," என்றது போன். "நீங்கள் தனியாக இல்லை. நாங்கள் எல்லாரும் இருக்கிறோம்."

"நானும்தான் இருக்கேன்," என்றார் மேனேஜர்.

யாரும் திரும்பவில்லை. கிழவி அவரைச் சுற்றிக்கொண்டு போய் நாற்காலியின் மறுபக்கத்தில் நின்றாள். தெருவில் கிடக்கும் மேஜையைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி.

"நீ இதுக்கு முன்னாடி இங்க வந்திருக்க," என்றார் மேனேஜர், அந்தக் கடையைத் தாண்டியதும்.

"பாஸ்போர்ட்டே போன மாசந்தான் வந்துச்சு. நீங்கதான கூட வந்து க்யூவுல நின்னீங்க."

"டீச்சருங்க எல்லாம் சேர்ந்து டூர் போனீங்களே."

"அது அணைக்கட்டுக்குங்க. சாயங்காலமே திரும்பி வந்துட்டோம். தயிர் சாதம் கட்டிக் குடுத்ததே நீங்கதான்."

"அப்ப இவங்களுக்கெல்லாம் உன்னை எப்படித் தெரியும்?"

"எனக்கும் அதான் புரியல," என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் குழப்பம் இருந்தது. மேனேஜர் அதை நன்றாகப் பார்த்தார். நன்றாகச் செய்த குழப்பம் என்று முடிவு கட்டினார். "டிராயிங் மாஸ்டர் எந்த ஊருக்கெல்லாம் போயிருக்காரு?" என்று கேட்டார்.

"ஆரம்பிச்சிட்டீங்களா. அவருக்குப் பஸ்ல ஏறினாலே வாந்தி வரும்."

"பாத்தியா. அதெல்லாம்கூடத் தெரிஞ்சு வெச்சிருக்க."

மதியத்துக்குமேல் வெயில் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, பார்த்தது பிடிக்காததுபோலப் போய்விட்டது. தெரு குறுகியது. கித்தான்கள் தலைக்கு மேலே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. அடியில் வெளிச்சம் பழைய எண்ணெய் நிறத்தில் தேங்கி நின்றது. தையல் மிஷின்களின் சத்தம் கேட்டபோது மேனேஜருக்கு உயிர் வந்தது. இது அவருடைய ராஜ்யம்.

தையல்காரர் மிஷினை நிறுத்தினார். எழுந்தார். மனைவியைப் பார்த்ததும் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, அலமாரிக்குள்ளிருந்து வெள்ளைக் காகிதம் சுற்றிய ஒன்றை இரண்டு கைகளாலும் ஏந்தி வந்தார்.

"முடித்துவிட்டோம்," என்றது போன். "உங்களைக் காத்திருக்க வைக்க விரும்பவில்லை."

காகிதத்தைப் பிரித்தார். ஆண்பிள்ளைச் சட்டை. வெள்ளை. அட்டையில் மடித்து ஊசி குத்தியிருந்தது.

மேனேஜரின் காதுக்குள் கும்மென்று ஒரு சத்தம். ஆனாலும் தொழில் தொழில்தான். கழுத்தைப் பார்த்துக் காலர் சொல்பவர், சட்டையைப் பார்த்து ஆளைச் சொல்லாமல் இருப்பாரா? ஒரே பார்வையில் எதிரி உருவாகிவிட்டான். மார்பு நாற்பத்துநான்கு. வயிற்றுப் பக்கம் தாராளமாக விட்டுத் தைத்திருக்கிறது, ஆகவே பானை. குட்டைக் கழுத்து. வலது தோள் இடதைவிட இறங்கியிருக்கிறது. வருஷக்கணக்காக ஒரே தோளில் எதையோ மாட்டிக்கொண்டு திரிகிற அசடு. 'த்தூ' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே, வலது தோளிலிருந்து நழுவிய தம் தோல்பையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். டிராயிங் மாஸ்டர் இல்லை. இந்தச் சட்டைக்குள் இரண்டு டிராயிங் மாஸ்டர்கள் குடித்தனம் நடத்தலாம். இத்தனை வருடம் பாடுபட்டு வளர்த்த சந்தேகம் ஒரு நொடியில் பாழ்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மேனேஜர் வேலை செய்யும் கடையில் ஒரு வழக்கம் உண்டு. அவருக்கென்று சட்டை எடுத்தால், மாடியிலுள்ள தையல்காரர் நாற்பத்துநான்கு சைஸ் சட்டையின் லேபிளைப் பிரித்துவிட்டு நாற்பது லேபிளைத் தைத்துத்தான் கீழே அனுப்புவார். பல வருட ஏற்பாடு. கடையில் எல்லாருக்கும் தெரியும், ஒருவரைத் தவிர. ஊரில் உள்ள உடம்பையெல்லாம் கண்ணால் அளந்தவர், தம் உடம்பை லேபிளில் மட்டுமே படித்திருந்தார்.

"யாருது இது?" என்றார்.

மனைவி சட்டையின் மேல் பொத்தானைக் கட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். "நல்லா தெச்சிருக்காங்க," என்றாள், யாரிடமோ சொல்வதுபோல. அவள் கண்ணில் நீர் கோத்திருந்தது. அவருடைய எந்தச் சட்டையையும் அவள் அப்படித் தொட்டதில்லை. தோய்த்திருக்கிறாள், இஸ்திரி போட்டிருக்கிறாள், காலரில் அழுக்கு என்று திட்டியிருக்கிறாள். இப்படித் தொட்டதில்லை.

மேனேஜர் சட்டையைத் திருப்பிப் பார்க்கக் கை நீட்டினார். எந்தத் துணியையும் முதுகுப் பக்கம் திருப்பிப் பார்ப்பது அவர் பழக்கம். தையலின் யோக்கியதை அங்கேதான் தெரியும். தையல்காரர் அதற்குள் காகிதத்தைச் சுற்றிவிட்டார்.

அடுத்தது செருப்புக் கடை. அங்கேயும் காத்திருந்தது: கறுப்பு பூட்ஸ், பளபளவென்று. இடது பூட்ஸ் கட்டை விரல் பக்கம் அகலமாக இழுத்துச் செய்யப்பட்டிருந்தது. எதிரிக்குக் காலில் முண்டு. மேனேஜருக்கு அற்பச் சந்தோஷம் ஒன்று வந்தது. காலையிலிருந்து நடந்ததில் தம் இடது கட்டை விரல் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்ததால், நொண்டியபடியே அதை அனுபவித்தார். ஒரு பூட்ஸைக் கவிழ்த்து அடிப்பாகத்தைத் தட்டினார். டப் டப். தோல் இல்லை, அட்டை. கறுப்பு மை பூசிய வெறும் அட்டை.

"இதைப் போட்டுட்டு நாலடி நடக்க முடியாது," என்றார். "உக்காந்த இடத்துலயே எல்லாம் வரணும்னு நினைக்கிற சோம்பேறிப்பய போல."

மனைவி அவரைப் பார்த்தாள். இல்லை, அவர் நின்ற இடத்தைப் பார்த்தாள். வீட்டில் சாவியை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடும்போது அப்படித்தான் பார்ப்பாள்.

"என்னம்மா?"

அவள் நடக்க ஆரம்பித்திருந்தாள். இப்போது அவள் தனியாக நடக்கவில்லை. பழக்காரி ஒரு பக்கம், பீங்கான் கடைக் கிழவி மறுபக்கம். எப்போது வந்து சேர்ந்தார்கள் என்று தெரியவில்லை. பின்னால் தையல்காரர், காகிதப் பொட்டலத்தோடு. செருப்புக்காரர், பூட்ஸோடு. எல்லாருக்கும் பின்னால் மேனேஜர், அழைக்காத கல்யாணத்துக்கு வந்தவர்போல. அவள் கடந்த கடைகளில் ஆட்கள் எழுந்து நின்றார்கள். தொப்பிகளை எடுத்தார்கள். ராணி வருகிறாளாக்கும், என்று நினைத்தார் மேனேஜர். அந்தப் பானை வயிற்றுக்காரன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தால் அவனைச் சேர்ந்தவளுக்கு இந்த மரியாதை நடக்கும்? தமக்கு எந்தத் தெருவிலாவது ஒருவராவது எழுந்து நின்றதுண்டா? வயிற்றில் ஏதோ புளித்து, நெஞ்சுவரை ஏறி, இடது தோளுக்குப் போய் நின்றது. அதையும் பொறாமை என்றே எடுத்துக்கொண்டார்.

முடி திருத்துகிறவர் தெரு ஓரத்தில் நாற்காலி போட்டிருந்தார். நாற்காலியில் யாரும் இல்லை. கத்தி, சீப்பு, பவுடர் டப்பா எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத் துண்டில் வரிசையாக வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தார். சீப்பை மட்டும் வெளியே எடுத்து, மனைவியிடம் பணிவாக ஏதோ கேட்டார்.

"வகிடு எந்தப் பக்கம்?" என்றது போன்.

"இடது பக்கம்," என்றாள் மனைவி.

யோசிக்கவே இல்லை. ஒரு கணம்கூட. மேனேஜர் அப்படியே நின்றுவிட்டார். இருக்கிற நாலு முடியை இடது பக்கமிருந்து எடுத்து, மண்டை வழியாக வலது காதுவரை கொண்டுபோய்ச் சேர்க்கிற தம் தினசரிக் கட்டடப் பணி அவர் நினைவுக்கே வரவில்லை. எவனோ ஒருவனுக்கு எந்தப் பக்கம் வகிடு என்று இவளுக்குத் தெரியும். அது மட்டும்தான் மண்டைக்குள் சுற்றியது.

"முகத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக நிறம் போடட்டுமா?"

"வேணாங்க. அவருக்குப் பிடிக்காது."

அவருக்கு. மேனேஜர் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போனார். இடித்தது யாருக்கும் உறைக்கவில்லை. மனைவியின் முழங்கையைப் பிடித்தார்.

"யாருடி அவன்?"

அவள் கை சில்லென்று இல்லை. இதமாக இருந்தது, எப்போதும்போல. தம் விரல்கள்தான் மரத்திருந்தன. அவள் முழங்கையைப் பார்த்துக்கொண்டாள். குளிருகிறது என்பதுபோல் சேலைத் தலைப்பை இழுத்து அந்த இடத்தை மூடினாள்.

பிறகு கிழவியின் பக்கம் திரும்பிப் பேசினாள். தமிழில் இல்லை. அந்த ஊர்ப் பாஷையில், தடங்கல் இல்லாமல், பிறந்ததிலிருந்து பேசுகிற மாதிரி. மேனேஜருக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. அவள் கையில் தொங்கிக்கொண்டிருந்த போன்தான், தன் கடமையை மறக்காமல், சொன்னது:

"காலையில்கூட நன்றாகத்தான் இருந்தார்."

கூட்டம் உச்சுக் கொட்டியது. அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

புத்தியுள்ள எவனும் அந்த வாக்கியத்தைக் கேட்டு அங்கேயே திரும்பி ஓடியிருப்பான். அது எந்த வீட்டு வாசலில் பேசப்படும் வாக்கியம் என்று மேனேஜருக்குத் தெரியாமல் இல்லை. எத்தனை வீடுகளில் மாலையோடு போய் நின்று கேட்டிருக்கிறார். ஆனால் வியாதி முற்றியிருந்தது. 'காலையிலா?' என்றுதான் அவருக்குத் தோன்றியது. 'காலையில் என்னோடுதானே இருந்தாள். நான் குளிக்கப் போன நேரத்தில் போய்ப் பார்த்திருக்கிறாள்.'

தெரு கடைசியாக ஒருமுறை வளைந்தது. கித்தான் முடிந்து தகரம் தொடங்கியது. அந்திக்குமுன் வருகிற சாம்பல் வெளிச்சம். விளக்குகள் போடத் தொடங்கியிருந்தார்கள். ஒவ்வொன்றும் எரியும்முன் இருமியது. புதிதாகச் சீவிய மரத்தின் வாசனை. சுருள் சுருளாகச் சீவல், கணுக்கால்வரை. நடந்தால் சத்தம் வரவில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தார். வந்த வழியில் கடைகளை மூடிக்கொண்டிருந்தார்கள். கூவல் நின்றுவிட்டிருந்தது. தண்ணீர் சொட்டும் சத்தமும் நின்றுவிட்டிருந்தது.

தச்சர் கடை.

நடுவில், இரண்டு முக்காலிகளின்மேல், ஒரு பெட்டி. நீளமாக. உள்ளே வெள்ளைச் சாட்டின். மடிப்பு மடிப்பாக. திறந்து.

மனைவி போய் அதன் விளிம்பில் கை வைத்தாள். தையல்காரர் பொட்டலத்தைப் பிரித்தார். செருப்புக்காரர் பூட்ஸைப் பெட்டியின் கால்மாட்டில் வைத்தார். முடி திருத்துகிறவர் சீப்பை உதறினார். எல்லாரும் காத்திருந்தார்கள். சாப்பாட்டுப் பந்தியில் கடைசி ஆளுக்காகக் காத்திருப்பதுபோல, பொறுமையாக.

அவன் வரப்போகிறான். மேனேஜருக்கு நிச்சயமாகிவிட்டது. எந்த நேரமும் வந்துவிடுவான். வயிறும் முண்டும் இறங்கிய தோளுமாக வந்து, இவள் பக்கத்தில் நிற்பான். இத்தனையும் அவனுக்கு. சட்டை அவனுக்கு. பூட்ஸ் அவனுக்கு. இந்தச் சாட்டின், இந்த மரியாதை, இவள் கண்ணில் தேங்கியிருக்கிற இந்தத் தண்ணீர். எல்லாம் அவனுக்கு. தமக்கு ஒரு நாற்காலிகூடக் கிடையாது. குடிக்கத் தண்ணீர் கிடையாது.

"எவனுக்கும் கிடையாது," என்றார். குரல் தகரத்தில் பட்டுத் திரும்பியது. "இவ புருஷன் நான். இதெல்லாம் எனக்குத்தான். குடுங்க இங்க."

அவர்கள் திரும்பினார்கள்.

எல்லாரும். ஒரே நேரத்தில். காலையிலிருந்து முதல்முறையாக அத்தனை கண்களும் அவர் முகத்தில். கோபம் இல்லை. கேலி இல்லை. கடைக்கு வந்த வாடிக்கையாளரை அவர் எப்படிப் பார்ப்பாரோ, அப்படி.

தையல்காரர் சட்டையை விரித்துப் பிடித்தார். மேனேஜர் கைகளை நுழைத்தார். போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். தொளதொளவென்று தொங்கும். தொங்கட்டும். அப்போது தெரியும் இவர்களுக்கு, இது வேறு எவனுக்கோ தைத்தது என்று. பேச்சு வளர்க்கலாம். ஆளைக் கூப்பிடச் சொல்லலாம்.

தொங்கவில்லை.

மார்பில் உட்கார்ந்தது. வயிற்றில் உட்கார்ந்தது. வலது தோளில், ஒரு மடிப்புகூட இல்லாமல், உட்கார்ந்தது. கழுத்தில் காலர் அளவெடுத்ததுபோல.

அவர் மனம் ஒரு கணம் குளிர்ந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அப்படியானால் எனக்குத்தானா, என்று நினைத்தார். இவள் கண்ணீர் எனக்குத்தானா. அந்தப் பொத்தானைத் தடவியது என்னையா. அவ்வளவு பெரிய நிம்மதி அவருக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

பிறகு முதுகில் காற்றுப் பட்டது.

கையைப் பின்னால் கொண்டுபோனார். துணி இல்லை. தோள்வரை, இடுப்புவரை, இல்லை. சட்டைக்கு முதுகே இல்லை. யாரோ பின்னால் நின்று நாடாவைக் கட்டினார்கள். இறுக்கமாக. பழகிய விரல்கள்.

"இருங்க," என்றார். "எனக்கு வேணாம். மாத்திக்கலாம்."

பூட்ஸ் காலில் ஏறியது. இடது கட்டை விரல் வலிக்கவில்லை. நாள் முழுக்க வலித்தது. இப்போது வலிக்கவில்லை. எதுவும் வலிக்கவில்லை. அட்டை அடிப்பாகம் சீவலில் வழுக்கியது. தாங்கிப் பிடித்தார்கள். நிறையக் கைகள். இதமாக. தூக்கினார்கள்.

சாட்டின். முதுகு முழுக்க. சில்லென்று.

சீப்பு. இடது பக்கமிருந்து. மெதுவாக.

"என்னம்மா," என்றார். "ஏம்மா. சொல்லேன் இவங்ககிட்ட." உதடு அசைந்ததா என்று அவருக்கே தெரியவில்லை.

மனைவி குனிந்தாள். தினமும் காலையில் கடைக்குக் கிளம்பும்போது செய்வதுபோல, காலரைச் சரிசெய்தாள். தோளில் ஒட்டியிருந்த சீவலை ஊதிவிட்டாள். அவள் மூச்சில் ஆரஞ்சு வாசனை. அவர் கண்களைப் பார்க்கவில்லை. கண்களுக்குமேல் உள்ளங்கையை வைத்து, மேலிருந்து கீழாகத் தடவினாள். இமைகள் இறங்கவில்லை. மறுபடி தடவினாள்.

"இப்ப சரியா இருக்கு," என்றாள் பெண்களிடம்.

மூடி வந்தது. தலைப்பக்கமிருந்து. ஓர் ஆள் இந்தப் பக்கம், ஓர் ஆள் அந்தப் பக்கம், அலுங்காமல். வெளிச்சம் பட்டையாயிற்று. அந்தப் பட்டைக்குள் அவள் நின்றாள். பழக்காரியின் தோளில் சாய்ந்து. இப்போதுதான் அழ ஆரம்பித்திருந்தாள், சத்தமாக, வாயைத் திறந்து. அவர் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்தார். அவள் தோளுக்குமேலே, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற ஆண்களின் முகங்களை, இடமிருந்து வலமாக, ஒவ்வொன்றாக. வெளிச்சம் கயிறாயிற்று. நூலாயிற்று. அந்த நூலளவுக்குள்ளும் தேடினார். எவன் அவளுக்குப் பக்கத்தில் நகர்கிறான். எவன் தோளைத் தொடுகிறான். எவன்.

வேறு எவனும் இல்லை.